20 லிட்டர் தண்ணீரும் ஒரு பெட்டா மீனும்

என் எழுதுமேசையின் ஓரத்தில் இருக்கும் கண்ணாடித் தொட்டியில் ஒரு பெட்டா மீன் 3 ஆண்டுகளாக வாழ்ந்துவருகிறது. அடர்நீல உடலும், ஓரத்தில் செம்மை படர்ந்த நீண்ட வாலும் கொண்ட ஆண் மீன். நீலன் என்று என் மகள் பெயர் வைத்தாள். அதற்கு முன்பு எங்கள் வீட்டில் இருந்த பெட்டா 4 மாதம்கூட இருக்கவில்லை. இரண்டும் ஒரே இனம். இரண்டுக்கும் தீனி போட்டவன் நான்தான். முதல் மீனின் மேல் எனக்கிருந்த பிரியம் நீலன் மேல் இருப்பதைவிடக் குறைந்ததும் இல்லை. வேறுபட்டது அவை இருந்த தண்ணீர்தான். அந்தத் தண்ணீரைப் பற்றியே இங்கு எழுத விரும்புகிறேன்.

முதல் மீனை வாங்கிய நாள் நன்றாக நினைவிருக்கிறது. வரிசையாக அடுக்கியிருந்த பிளாஸ்டிக் கிண்ணங்களில், ஒரு கை அள்ளும் அளவுத் தண்ணீரில், தனித்தனியே அசையாமல் நின்ற மீன்களுள் சிவப்பு நிறத்தில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். “இதுக்கு ஃபில்டரும் வேண்டாம், ஏர் பம்ப்பும் வேண்டாம் சார், சின்னக் குடுவையே போதும்” என்றார் விற்றவர். நான் அதை நம்பி, 2 லிட்டர் கொள்ளும் உருண்டைக் குடுவை ஒன்றை வாங்கி, அடியில் வண்ணக் கற்களைப் பரப்பி, மீனை அதில் விட்டேன். வாரம் ஒரு முறை குடுவையை முழுவதுமாகக் கவிழ்த்து, கற்களைத் தேய்த்துக் கழுவி, குழாயிலிருந்து நேராகப் புதுத் தண்ணீரைப் பிடித்து நிரப்புவேன். இதைவிடச் சுத்தமாக யாராலும் மீன் வளர்க்க முடியாது என்றுதான் அப்போது எண்ணியிருந்தேன். முதல் மாதம் மீன் துடிப்பாக இருந்தது. இரண்டாம் மாதத்தில் அடியில் படுத்துக் கிடக்கத் தொடங்கியது. மூன்றாம் மாதத்தில் வாலின் ஓரம் கறுத்து, நைந்துபோன துணியைப் போலப் பிசிறு பிசிறாக ஆயிற்று. பிறகு தீனியை வாயில் வாங்கித் துப்பியது. ஒரு நாள் காலையில் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. ஏதோ நோய் வந்துவிட்டது என்று நினைத்துக்கொண்டோம். அந்த நோய்க்குக் காரணம் நான் வாராவாரம் அக்கறையோடு செய்த வேலைதான் என்பது, அதன்பின் பல மாதங்கள் தேடிப் படித்த பிறகே எனக்குப் புரிந்தது.

விற்றவர் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். பெட்டாவின் தலைக்குள், செவுள்களுக்குச் சற்று மேலே, மடிப்பு மடிப்பான மெல்லிய எலும்புத் தகடுகளும் அவற்றின்மேல் நெருக்கமாகப் படர்ந்த இரத்த நாளங்களும் கொண்ட ஓர் உறுப்பு இருக்கிறது. வளைந்து வளைந்து செல்லும் அதன் அமைப்பால் அதை லாபிரிந்த் உறுப்பு என்று அழைக்கிறார்கள். மீன் நீர்மட்டத்துக்கு வந்து வாயால் காற்றை வாங்கும்போது, அந்தக் காற்றிலிருந்து ஆக்சிஜன் இந்த உறுப்பின் வழியாக இரத்தத்தில் சேர்கிறது. பனையேறிக் கெண்டைக்கும் கௌராமி மீன்களுக்கும் இதே உறுப்பு உண்டு. இதனால்தான் மற்ற மீன்கள் மூச்சுத் திணறிச் செத்துப்போகும் தேங்கிய நீரிலும் பெட்டாவால் உயிர் தரிக்க முடிகிறது.

நீலன் மூச்சு வாங்க மேலே வருவதை முகத்தைத் தொட்டியருகே வைத்துப் பலமுறை பார்த்திருக்கிறேன். நீந்திக்கொண்டிருப்பவன் திடீரென்று ஏதோ நினைவுக்கு வந்ததுபோலத் தலையை மேலே திருப்புவான். மேல்நோக்கி அமைந்த அந்த வாய் நீர்ப்பரப்பை ஒரு கணம் தொடும். பரப்பில் சின்னஞ்சிறு குழி விழுந்து மறையும். கீழே இறங்கும்போது செவுள் மூடியின் ஓரத்திலிருந்து ஒரு குமிழி, சில சமயம் இரண்டு, நழுவி மேலே போகும். உள்ளே இருந்த பழைய காற்று வெளியேறுவதுதான் அது. இவ்வளவும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும்.

இந்தத் திறமைதான் இந்த மீனுக்கு வினையாக வந்து சேர்ந்தது. காற்றை மேலிருந்து வாங்கிக்கொள்ளும் மீனாலும் தன் கழிவை மேலே கொண்டுபோய் விட முடியாது. அது தண்ணீரிலேயேதான் கரைகிறது. ஆக்சிஜன் குறைந்தால் உடனே இறக்கும் மீனை யாரும் கிண்ணத்தில் வைத்து விற்கத் துணிவதில்லை. பெட்டா உடனே இறப்பதில்லை என்பதால், கிண்ணத்தில் அதனால் வாழ முடியும் என்று நாமாக முடிவு கட்டிவிட்டோம். இறக்காமல் இருப்பதையே நலமாக இருப்பதாக எடுத்துக்கொண்ட இந்தப் பிழை, எனக்குத் தெரிந்தவரை, வேறு எந்த வளர்ப்பு மீனுக்கும் இவ்வளவு பரவலாக இழைக்கப்படவில்லை.

வயல் குட்டையில் வாழும் மீன்தானே, அதற்கு எதற்குப் பெரிய தொட்டி என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெட்டாவின் தாயகம் தாய்லாந்தின் நடுச்சமவெளி. நெல்வயல்கள், சதுப்புகள், மெதுவாக ஓடும் கால்வாய்கள் ஆகியவற்றில் அது வாழ்கிறது. அந்த நீர் ஆழமற்றது என்பது உண்மை. ஆனால் அது பரந்தது. சேறும் செடியும் நுண்ணுயிர்களும் நிறைந்தது. ஒரு சின்ன மீனின் கழிவு அங்கே இருந்த இடம் தெரியாமல் போய்விடும். 2 லிட்டர் குடுவைக்கும் அந்த வயலுக்கும் ஆழம் ஒன்றாக இருக்கலாம், அவ்வளவுதான். தாய் மொழியில் இதற்குப் பிளா கட் என்று பெயர்; கடிக்கும் மீன் என்று பொருள். மனிதர்கள் இதைத் தேர்ந்தெடுத்து வளர்க்கத் தொடங்கிக் குறைந்தது 1,000 ஆண்டுகள் ஆகியிருக்க வேண்டும் என்று மரபணு ஆய்வுகள் காட்டுகின்றன. பெட்டா ஸ்ப்ளெண்டென்ஸ் என்ற அறிவியல் பெயரை 1910இல் சூட்டியவர் ஆங்கிலேய மீனியல் அறிஞர் சார்லஸ் டேட் ரீகன். 2019இல் தாய்லாந்து அரசு இதைத் தன் தேசிய நீர்வாழ் உயிரினமாக அறிவித்தது. இயற்கையில் வாழும் பெட்டா மங்கிய பழுப்பும் பச்சையும் கலந்த, குட்டைத் துடுப்பு கொண்ட மீன். இன்று நாம் பார்க்கும் முக்காடு போன்ற வாலும், 180 பாகைக்கு விரியும் அரைநிலா வாலும், கிரீடம்போலக் கூர்கூராகப் பிரியும் வாலும் மனிதர்கள் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து உருவாக்கியவை. அப்படி உருவாக்கிய வாலைச் சுமந்து நீந்தும் சிரமம் மட்டும் மீனுக்குரியதாகிவிட்டது.

இனி அம்மோனியாவுக்கு வருகிறேன். மீன் தன் உடலின் நைட்ரஜன் கழிவைப் பெரும்பாலும் செவுள்களின் வழியாக அம்மோனியாவாக வெளியேற்றுகிறது. தின்னாமல் விட்ட தீனியும் எச்சமும் அழுகும்போதும் அம்மோனியா உண்டாகிறது. கண்ணுக்குத் தெரியாது; தண்ணீர் பளிங்குபோலத் தெளிந்தே இருக்கும். அந்தத் தெளிவைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். தண்ணீரின் காரத்தன்மையும் வெப்பமும் கூடக்கூட அம்மோனியாவின் நச்சுத்தன்மையும் கூடுகிறது. செவுளின் மெல்லிய சவ்வு எரிகிறது. துடுப்பின் ஓரங்கள் அரிக்கப்பட்டு அங்கே பாக்டீரியா தொற்றிக்கொள்கிறது. நிலைபெற்ற ஒரு தொட்டியில் இந்த நஞ்சைத் தின்று தீர்க்க நல்ல பாக்டீரியாக்கள் குடியேறியிருக்கும். ஒரு வகை அம்மோனியாவை நைட்ரைட்டாக மாற்றும், அதுவும் நஞ்சுதான். இன்னொரு வகை நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றும். அது கேடு குறைந்தது, செடிகளுக்கு உரம், மிஞ்சுவதை வாராந்தரத் தண்ணீர் மாற்றத்தில் வெளியேற்றிவிடலாம். இந்தப் பாக்டீரியாக்கள் தண்ணீரில் மிதந்து திரிபவை அல்ல. ஃபில்டரின் ஸ்பாஞ்சிலும், கற்களிலும், கண்ணாடியிலும் வழவழப்பான மெல்லிய படலமாக ஒட்டி வாழ்பவை. நான் வாராவாரம் கற்களைத் தேய்த்துக் கழுவியபோது, குடியேற முயன்ற அந்தக் கொஞ்சநஞ்சப் பாக்டீரியாவையும் சேர்த்தே கழுவி ஊற்றியிருக்கிறேன்.

ஆகவே நீலனுக்கு முன்பாக அவனுடைய தண்ணீரைத்தான் வீட்டுக்குக் கொண்டுவந்தோம். 20 லிட்டர் கொள்ளும் செவ்வகத் தொட்டி, ஒரு ஸ்பாஞ்ச் ஃபில்டர், அதை இயக்க ஒரு சிறிய ஏர் பம்ப், 25 வாட் ஹீட்டர், தெர்மாமீட்டர், தண்ணீரைச் சோதிக்கும் சொட்டு மருந்துப் பெட்டி: இவ்வளவும் இருந்தன, மீன் இல்லை. அம்மோனியம் குளோரைடு கரைசலைச் சொட்டுக் கணக்கில் விட்டு, அம்மோனியாவை லிட்டருக்கு 2 மில்லிகிராம் அளவுக்குக் கொண்டுவந்தேன். மீனே இல்லாத தொட்டியில் மீனின் கழிவுக்கு ஈடானதை நாமே இட்டு, அதைத் தின்னும் பாக்டீரியாவை வளர்த்தெடுக்கும் முறை இது.

“மீனே இல்லாம எதுக்குப்பா தொட்டி ஓடிட்டு இருக்கு?” என்று மகள் தினமும் கேட்டாள். அவளையே சோதனைக்கு உட்கார வைத்தேன். சிறிய கண்ணாடிக் குழாயில் 5 மில்லிலிட்டர் தண்ணீர் எடுத்து, சொட்டுகளை எண்ணி விட்டு, குலுக்கிவிட்டு, 5 நிமிடம் காத்திருந்து, வண்ண அட்டையோடு ஒப்பிட்டு நோட்டுப் புத்தகத்தில் எழுதுவது அவள் பொறுப்பு. முதல் வாரம் முழுக்க அம்மோனியாக் குழாய் இலைப்பச்சையாகவே இருந்தது. இரண்டாம் வாரத்தின் இறுதியில் ஒரு மாலை, அதுவரை வெளிர்நீலமாகவே இருந்த நைட்ரைட் குழாய் ஊதாவாக மாறியது. அவள் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் ஓடிவந்தாள். கண்ணுக்குத் தெரியாத ஓர் உயிர் அந்த ஸ்பாஞ்சில் குடிவந்துவிட்டது என்பதற்கு அந்த ஊதா நிறம்தான் சாட்சி. அதன்பின் அம்மோனியா இறங்கியது, நைட்ரைட் ஏறியது. பிறகு நைட்ரைட்டும் இறங்கத் தொடங்கியது. 36ஆம் நாள், முந்தைய மாலை விட்ட 2 மில்லிகிராம் அம்மோனியா அடுத்த மாலைக்குள் தீர்ந்துபோய், அம்மோனியாக் குழாய் மஞ்சளாகவும் நைட்ரைட் குழாய் வெளிர்நீலமாகவும் நின்றன. இரண்டும் சுழியம். தேங்கிய நைட்ரேட்டைக் குறைக்கப் பெரும்பகுதித் தண்ணீரை மாற்றிவிட்டு, மறுநாள்தான் மீன் வாங்கப் போனோம். 4 முதல் 6 வாரம் காத்திருப்பது எல்லோருக்கும் கடினம் என்று எனக்குத் தெரியும். ஆனால் காத்திருக்கும் சிரமம் நம்முடையதாக இருப்பதுதான் முறை; அவசரப்பட்டால் அந்தச் சிரமத்தை மீன்தான் தன் செவுளில் அனுபவிக்கிறது.

குழாய்த் தண்ணீரில் கலக்கப்படும் குளோரின், கிருமிகளைக் கொல்வது போலவே நம் பாக்டீரியாவையும் கொல்லும், மீனின் செவுளையும் புண்ணாக்கும். வாளியில் ஓர் இரவு திறந்து வைத்தால் குளோரின் பெரும்பாலும் வெளியேறிவிடும் என்பது சரியே. ஆனால் குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்த குளோரமின் கலந்த தண்ணீரில் அது நடக்காது. ஓர் இரவில் அது போகாது. எது கலக்கிறார்கள் என்று உறுதியாகத் தெரியாதபோது, சோடியம் தயோசல்பேட் போன்ற குளோரின் நீக்கியை அளவாகச் சேர்த்துவிடுவதே பாதுகாப்பானது. வாளியில் பிடித்து, நீக்கியைக் கலந்து, விரல் வைத்துப் பார்த்து, தொட்டியின் வெப்பத்துக்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் கொண்டுவந்து, பிறகே ஊற்றுகிறேன். வாரத்துக்கு 5 லிட்டர், அதாவது தொட்டியின் கால்வாசி. முழுவதையும் ஒருபோதும் மாற்றுவதில்லை. தண்ணீரை இறக்கும் முன் ஹீட்டரின் மின்னிணைப்பைத் துண்டிப்பதை மட்டும் மறக்கக் கூடாது. நீர்மட்டத்துக்கு மேலே வெளிப்பட்டுச் சூடேறிய ஹீட்டரின் கண்ணாடி, மறுபடி குளிர்ந்த தண்ணீர் பட்டால் வெடித்துவிடும்.

இவ்வளவு கற்ற பின்னும் ஒரு தவறு செய்தேன். நீலன் வந்து 8 மாதம் ஆகியிருந்தது. ஸ்பாஞ்ச் அடைத்துக்கொண்டு குமிழிகள் மந்தமாகவே, அதை எடுத்துக் குழாயடியில் நன்றாகப் பிழிந்து பிழிந்து, பழுப்பு நீர் வடிவது நிற்கும்வரை கழுவி மாட்டினேன். அந்தப் பழுப்புதான் தொட்டியின் உயிர் என்று தெரிந்திருந்தும், ஏதோ வேலை அவசரத்தில் கை தன் போக்கில் செய்துவிட்டது. மூன்றாம் நாள் காலை விளக்கைப் போட்டபோது நீலன் வழக்கம்போல முன்கண்ணாடிக்கு ஓடிவரவில்லை. மேல்மட்டத்தில் ஓர் மூலையில் துடுப்புகளை மடக்கிக்கொண்டு நின்றான். செவுள் மூடிகள் வேகமாக அடித்துக்கொண்டிருந்தன. அவற்றின் ஓரம் வழக்கத்தைவிடச் சிவந்திருந்தது. சோதனைக் குழாய் மறுபடியும் பச்சை. அன்றிலிருந்து 10 நாள், நாள்தோறும் 8 லிட்டர் மாற்றினேன். தீனியை ஒரு நாள் விட்டு ஒரு நாள் மட்டும், அதுவும் பாதியளவே போட்டேன். பதினோராம் நாள்தான் குழாய் மஞ்சளானது. சிறிய தொட்டியில் பாக்டீரியாவின் பெரும்பங்கு அந்த ஒரே ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கிறது என்பதை அப்போதுதான் உள்ளபடி உணர்ந்தேன். இப்போது தண்ணீர் மாற்றும் நாளில், தொட்டியிலிருந்து எடுத்த பழைய தண்ணீரிலேயே ஸ்பாஞ்சை அமிழ்த்தி இரண்டு முறை மெதுவாகப் பிழிகிறேன். அழுக்கு போகும், பாக்டீரியா தங்கும்.

ஃபில்டர் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். நீண்ட வால் கொண்ட பெட்டாவுக்கு நீரோட்டம் ஆகாது. வேகமாகத் தண்ணீரைத் தள்ளும் ஃபில்டரை வைத்தால் மீன் நாள் முழுவதும் எதிர்நீச்சல் போட்டுக் களைத்துப்போகும். உறிஞ்சும் வாயில் வால் சிக்கிக் கிழிவதும் உண்டு. ஸ்பாஞ்ச் ஃபில்டரில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. ஏர் பம்ப் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தால் குழாயின் இடையில் ஒருவழி வால்வு ஒன்றைச் செருகிவிட வேண்டும். இல்லையென்றால் மின்சாரம் நின்றதும் தொட்டித் தண்ணீர் குழாய் வழியே பின்னோக்கி வழிந்து பம்ப்புக்குள் இறங்கிவிடும்.

வெப்பம் 25 முதல் 27 பாகை செல்சியஸ் வரை இருந்தால் பெட்டா நன்றாக இருக்கும். குளிர்ந்த நீரில் அது மந்தமாகும், செரிமானம் குறையும், நோய் எளிதில் பற்றும். அதைவிட மோசமானது பகலுக்கும் இரவுக்கும் இடையே வெப்பம் ஏறி இறங்குவது. தண்ணீர் எவ்வளவு குறைவாக இருக்கிறதோ அவ்வளவு விரைவாக அறையின் வெப்பம் அதைப் பாதிக்கும். குடுவை கூடாது என்பதற்கு இது இன்னொரு காரணம். தொட்டிக்கு மூடியும் கட்டாயம் வேண்டும். பெட்டா நன்றாகத் தாவும். ஒரு விரல் நுழையும் இடைவெளிகூட அதற்குப் போதுமானது. மூடிக்கும் நீர்மட்டத்துக்கும் இடையே சில சென்டிமீட்டர் விட்டால், மீன் வாங்கும் காற்று வெதுவெதுப்பாகவும் ஈரமாகவும் இருக்கும்.

செடிகளில் எனக்குப் பிடித்தவை அனுபியாஸும் ஜாவா ஃபெர்னும். இரண்டும் குறைந்த வெளிச்சத்தில் வளரும். இஞ்சிபோலக் கிடையாக வளரும் அவற்றின் தண்டை மண்ணுக்குள் புதைத்தால் அழுகிவிடும். ஒரு கல்லிலோ மரத்துண்டிலோ நூலால் கட்டிவிட்டால் வேர் தானாகப் பற்றிக்கொள்ளும். பிளாஸ்டிக் செடிகளை வைப்பவர்கள், மெல்லிய நைலான் துணி ஒன்றை அதன்மேல் இழுத்துப் பார்க்கட்டும்; துணி சிக்கினால் பெட்டாவின் வாலும் சிக்கும். தொட்டியில் நாட்டு வாதுமை மரத்தின் காய்ந்த இலை ஒன்றும் கிடக்கிறது. அதிலிருந்து டானின் என்னும் துவர்ப்புப் பொருள் இறங்கித் தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறும்; காரத்தன்மையைச் சற்றே தணிக்கும்; நுண்ணுயிர்களைக் கொஞ்சம் கட்டுப்படுத்தும். தெளிந்த தண்ணீரைத்தான் அழகு என்று நினைப்பவர்களுக்கு இந்தப் பழுப்பு பிடிக்காமல் போகலாம். எனக்கோ, அந்த நிறத்தில் நீலனின் நீலம் இன்னும் ஆழமாகத் தெரிகிறது.

மீனைத் தொட்டியில் விடும்போது, பையை 15 நிமிடம் மிதக்கவிட்டு வெப்பத்தைச் சமமாக்கி, அதன்பின் தொட்டித் தண்ணீரைச் சிறுகச் சிறுகப் பைக்குள் ஊற்றி, முக்கால் மணி நேரம் கழித்து மீனை மட்டும் உள்ளே விட்டோம். பைத் தண்ணீரைத் தொட்டியில் சேர்க்கவில்லை. முதல் 2 நாள் அவன் ஒன்றும் தின்னவில்லை. அதற்காகக் கலங்க வேண்டியதில்லை.

பெட்டா ஊன் உண்ணி. இயற்கையில் நீரில் விழும் பூச்சிகளையும் கொசுப்புழு போன்றவற்றையும் தின்று வாழ்வது. ஆகவே பூச்சியோ மீனோ இறாலோ முதன்மைப் பொருளாக உள்ள குறுணைகளைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். தங்கமீன் தீனியோ ரொட்டித்துண்டோ அதற்கு உணவாகாது. காலையில் 3 குறுணை, மாலையில் 3 குறுணை, வாரத்தில் ஒரு நாள் பட்டினி. இடையிடையே உறைந்த இரத்தப்புழுவோ டாஃப்னியா என்னும் நீர்த்தெள்ளோ கொடுப்பேன். வீட்டுக்கு வருபவர்கள் எல்லோருக்கும் அதற்குத் தீனி போட ஆசை, மறுப்பது சங்கடம்தான். ஆனாலும் மறுத்துவிடுகிறேன். பெட்டா எப்போதும் பசித்ததுபோலவே முன்னால் வந்து நெளியும்; அதை நம்பிப் போட்டுக்கொண்டே இருந்தால் வயிறு உப்பி, மலம் கட்டி, நேராக நீந்த முடியாமல் தவிக்கும். தின்னாமல் கீழே விழுந்த குறுணை ஒவ்வொன்றும் சில மணி நேரத்தில் அம்மோனியாவாக மாறத் தொடங்கும் என்பதால், சின்னக் குழலால் உடனே உறிஞ்சி எடுத்துவிடுகிறோம்.

இரண்டு ஆண் பெட்டாக்களை ஒரே தொட்டியில் விடக் கூடாது என்பது எல்லோரும் அறிந்ததே. பெண்ணையும் நிரந்தரமாகச் சேர்த்து வைக்க முடியாது. இனப்பெருக்கத்துக்காகச் சில நாள் சேர்ப்பதற்குக்கூடத் தனித் தயாரிப்பு வேண்டும். நீண்ட வாலுள்ள கப்பி மீன்களைப் போட்டி ஆண் என்று நினைத்துக் கிழித்துவிடும். 20 லிட்டரில் துணைக்கு யாரும் வேண்டாம் என்பதே என் கருத்து. தனிமை அதற்கு இயல்பு. கண்ணாடியைக் காட்டிச் செவுளை விரிக்க வைப்பது சிலருக்கு விளையாட்டு. ஓரிரு நிமிடம் என்றால் மீனுக்குத் துடுப்பை விரிக்கும் உடற்பயிற்சி. அதற்கு மேல் போனால், விரட்டியும் போகாத எதிரியோடு அதைப் பூட்டி வைத்ததுபோல ஆகிவிடும்.

ஆண் பெட்டா நுரைக்கூடு கட்டுவதைப் பார்ப்பது தனி அனுபவம். நீலன் வாதுமை இலையின் அடிப்பக்கத்தைத்தான் எப்போதும் தேர்ந்தெடுப்பான். மேலே வந்து காற்றை வாங்கி, வாயிலுள்ள வழவழப்பான எச்சிலில் அதைப் பொதிந்து, ஒவ்வொரு குமிழியாக இலைக்கடியில் ஊதி ஒட்டுவான். ஒன்று உடைந்தால் அதே இடத்தில் இன்னொன்று. பெண் முட்டையிட்டிருந்தால் அந்த முட்டைகளை வாயால் பொறுக்கி இந்த நுரைக்குள் வைத்து, குஞ்சு பொரிக்கும்வரை ஆண்தான் காவல் காக்கும். பெரும்பாலும் இரண்டே நாளில் பொரித்துவிடும். கூடு கட்டினால் மீன் மகிழ்ச்சியாக இருக்கிறது என்று பலரும் சொல்கிறார்கள். நான் அப்படிச் சொல்ல மாட்டேன். நாளுக்கு நாள் நலிந்துகொண்டிருந்த எங்கள் முதல் மீனும் அந்தக் குடுவையில் இரண்டு முறை கூடு கட்டியது. அதைப் பார்த்து நாங்கள் நிம்மதி அடைந்தோம். அது இன விருத்திக்கான உந்துதல்; தண்ணீர் நன்றாக இருக்கிறதா என்பதைச் சோதனைக் குழாயிடம்தான் கேட்க வேண்டும்.

நோய்களைப் பொறுத்தவரை, மருந்துக்கு முன்பாகத் தண்ணீரைச் சோதிப்பதையே வழக்கமாக வைத்திருக்கிறேன். துடுப்பின் ஓரம் கறுத்து அல்லது வெளுத்து மெல்ல மெல்லக் குறைந்துவந்தால் அது துடுப்பு அழுகல். தொடக்கத்திலேயே கண்டுகொண்டால் சுத்தமான தண்ணீரும் நிலையான வெப்பமுமே பெரும்பாலும் அதைக் குணமாக்கிவிடும். உடல்மீது உப்புக்கல் தூவினாற்போல வெண்புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணி. இருட்டில் டார்ச் வெளிச்சத்தைச் சாய்வாக அடித்துப் பார்க்கும்போது தங்கப்பொடி பூசியதுபோல மின்னினால் அது வெல்வெட் எனப்படும் வேறொரு ஒட்டுண்ணி, வேகமாகக் கொல்லக்கூடியது. வயிறு வீங்கிச் செதில்கள் அன்னாசிப் பழத்தோல்போலத் தூக்கி நின்றால், உள்ளுறுப்புகள் செயலிழந்து நீர் கோத்துக்கொண்டுவிட்டது என்று பொருள். அந்த நிலையிலிருந்து மீள்வது அரிது. துடிப்பாக இருக்கும் நாள்களில் மீன் எப்படி நிற்கிறது, எங்கே ஓய்வெடுக்கிறது, எத்தனை முறை மேலே வருகிறது என்பதைப் பார்த்து வைத்திருப்பவர்களுக்குத்தான் மாற்றம் உடனே தெரியும்.

பெட்டா பொதுவாக 2 முதல் 4 ஆண்டு வரை வாழும். விற்பனைக்கு வரும்போதே ஆண் மீன்களுக்குச் சில மாத வயது ஆகியிருக்கும் என்பதால், நீலன் இப்போது முதுமையில் இருக்கிறான். தலையின் நீலம் சாம்பல் பூத்திருக்கிறது. முதுகு சற்றே வளைந்திருக்கிறது. குறுணையைக் குறி பார்த்துப் பாய்பவன், இப்போது ஓரிரு முறை தவறவிடுகிறான். அதனால் தண்ணீரில் ஊறவைத்து மென்மையாக்கி, முகத்துக்கு நேரே ஒவ்வொன்றாக விடுகிறோம். அடியிலிருந்து மேலே வந்து மூச்சு வாங்குவது அவனுக்குப் பெரும் வேலையாகத் தெரிந்ததால், போன மாதம் நீர்மட்டத்தைக் கொஞ்சம் தாழ்த்தினேன். நீர் குறைந்ததால் கழிவு சீக்கிரம் சேரும் என்பதற்காக, வாரம் ஒரு முறை மாற்றிய தண்ணீரை இப்போது இரண்டு முறை, 3 லிட்டர் வீதம் மாற்றுகிறேன். அனுபியாஸ் கட்டியிருந்த மரத்துண்டை மகள் நிமிர்த்தி வைத்தாள். அதன் அகன்ற இலை ஒன்று நீர்மட்டத்திலிருந்து இரண்டு விரற்கடை ஆழத்தில் வந்து நின்றது. இரவில் விளக்கை அணைத்த பிறகு நீலன் அந்த இலையின்மேல் படுத்துக்கொள்கிறான். காற்று வேண்டும்போது தலையை மட்டும் நிமிர்த்தி ஓர் எட்டு மேலே போய், வாங்கிக்கொண்டு, மறுபடி அதே இலைக்குத் திரும்புகிறான்.